நூறு கிராமுக்கு ஒரு கிராம் உப்பு

மிளகாயின் காரம் ஒரு சுவையே அல்ல. அது வலி. சூட்டை உணர்ந்து சொல்லும் நரம்பைத்தான் மிளகாய் சீண்டுகிறது. வாய் வேகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. புதினாவின் குளிர்ச்சியும் இதே கதைதான். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று குத்துவது குமிழி உடைவதால் என்று நினைப்போம். குத்துவது வாயு தண்ணீரில் கரைந்து உண்டாகிற அமிலம். இப்படிப்பட்ட சமாசாரங்களை எழுதுவதுதான் என் பிழைப்பு. வைட்ஃபீல்டில் நொறுக்குத் தீனி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பாக்கெட்டின் முதுகில் 'தெரியுமா?' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, யாரும் படிக்காமல் கசக்கி எறிவது, அதை எழுதுபவள் நான்தான்.

முன்பு அது பாதி வேலை. மீதிப் பாதி நாக்கு. எங்கள் ஆபீசின் இரண்டாம் மாடியில் ருசி பார்க்கும் அறை இருக்கிறது. தடுப்பு வைத்துப் பிரித்த ஆறு சின்ன அறைகள், எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு. வறுவல் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று கண் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. ஒரு சின்னக் கதவைத் திறந்து மூன்று கிண்ணங்களை உள்ளே தள்ளுவார்கள். இரண்டில் ஒரே பண்டம், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். இடையில் வெந்நீர் குடித்து வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும். ஆறு பேரில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர். எண்ணெய் காறல் எடுக்கத் தொடங்கினால், மற்றவர்களுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பிறகு ஊரெல்லாம் இருமிய அந்த வருஷம் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கவயலுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக அவளுடைய பையைக் கட்டியது நான்தான். இரண்டு நைட்டி, துண்டு, சீப்பு, காகிதத்தில் சுற்றிய சிவப்பு சோப்பு. சோப்பின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க இருந்தது. மறுநாள் எனக்கும் காய்ச்சல். அதற்கடுத்த நாள் காபியை மூக்கருகே கொண்டுபோனேன், ஒன்றுமே இல்லை, வெந்நீர் மாதிரி இருந்தது. அந்த வாரக் கடைசியில் அம்மா போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் போனது, மூக்கு திரும்பவில்லை. சில மாதங்களில் வந்துவிடும் என்றார் டாக்டர். வரவில்லை.

அம்மாவின் புடவை ஒன்றைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி வெறும் துணியாக இருந்தது. இப்போது அழுகை வரும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அதுவும் வரவில்லை. மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது. நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு கடித்தால் ஆப்பிளும் பச்சை உருளைக்கிழங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதியபோது வேடிக்கையாக இருந்தது.

ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு வேலை போய்விடும், அந்தப் பெருமையும் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், சிவப்பு விளக்கு இருந்தால். வறுவலின் மொறுமொறுப்பைப் பாதி காதால்தான் சாப்பிடுகிறோம், அதனால் கடிக்கிற சத்தத்தை வைத்தே நிறைய ஒப்பேற்றினேன். எண்ணெய் உதட்டில் எப்படி ஒட்டுகிறது, காரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். மிச்சத்தை ஊகித்தேன். மூன்றில் ஒன்றுதானே, கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் சில சமயம் சரியாகிவிடும்.

ஒருநாள் கெட்டுப்போன எண்ணெயில் பொரித்ததை வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தார்கள். ஐந்து பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் மட்டும் 'மிகவும் பிடித்தது' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அறையை நடத்தும் மேடம் கன்னடக்காரர், நல்லவர். "நெகடியா?" என்று கேட்டார், ஜலதோஷமா என்று. ஆமாம் மேடம் என்றேன். அந்த ஜலதோஷம் எனக்கு ஒன்றரை வருஷம் நீடித்தது.

இதற்கிடையில் அப்பா என்னோடு வந்துவிட்டார். ஒக்கலிபுரத்தில் எனக்கு இரண்டு அறை வீடு, மூன்றாம் மாடி. ரயில் போகிற சத்தம் கேட்கும். அது அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி இங்கே வந்து அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனவர் அவர். டாக்டர் அவருக்குப் பிரஷர் என்று உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார், வயிற்றில் புண் என்று காரத்தையும் புளியையும் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் சொன்ன சொல் தட்டாத மகள். பாசிப்பருப்பு, சுரைக்காய், இட்லி, மோர் சாதம் என்று குழைய வேகவைத்துப் போட்டேன். எனக்கும் அதே. வேறு எது தின்றாலும் எனக்கு எல்லாம் ஒன்றுதானே.

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். எப்படிப்பா இருக்கு என்று கேட்பேன். நல்லா இருக்கு என்பார். நீ சாப்பிட்டியா, நல்லா இருக்கா என்று அவர் கேட்பார். நல்லா இருக்குப்பா என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேச்சில்லாத நேரத்தில் பாக்கெட்டுக்கு எழுதியதை அவருக்குச் சொல்வேன். பலாப்பழம் ஒரு பழமல்ல, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகக் காய்த்து ஒட்டிக்கொண்டது என்பேன். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவுதான் ரொம்ப, பிசின் கொஞ்சம்தான் என்பேன். தலையாட்டுவார். வேர்க்கடலை வேரில் காய்ப்பதே இல்லை, பூ மேலேதான் பூக்கும், பிறகு காம்பு வளைந்து மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும் என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல பூத்துட்டு கீழ எறங்கி வேல பாக்குதா? எங்காளுதான் அது" என்றார்.

அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் இளைத்துக்கொண்டும் இருந்தார். முதலில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். பிறகு சட்டை ஆணியில் மாட்டியது போல் தொங்கத் தொடங்கியது. ரெண்டு இட்லி ஒன்றானது, ஒன்று பாதியானது. கிளினிக்கில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மனைவி போன துக்கம், நேரமாகும் என்றார்கள். நேரமாக ஆக அவர் குறைந்துகொண்டே வந்தார். அப்பாவும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பயப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் பயம்கூட எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பது போலத்தான் இருந்தது.

ஒருநாள் மாலை ஹாலில் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு படபடவென்று தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "ஹாலு சீதுஹோகிதெ, வாஸனெ பரல்வா?" என்றார். பால் தீய்ந்துபோயிருக்கிறது, வாசம்கூடவா வரவில்லை என்று. பத்தடி தூரத்தில் சமையலறையில் புகை. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரம் கரியாகியிருந்தது. தூங்கிட்டேன் என்றார் அப்பா. ஒரு நிமிஷம் முன்னால்தான் டிவியில் வந்த ஜோக்குக்குச் சிரித்திருந்தார். துக்கத்தில் புத்தி மழுங்கிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்.

அம்மாவின் இரண்டாம் வருஷப் படையல் என் முறையாக வந்தது. முதல் வருஷம் அத்திபெலேயில் இருக்கும் தம்பி வீட்டில் நடந்தது, தம்பி மனைவி சமைத்தாள். எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும்; படைத்து முடியும்வரை சமைப்பவள் ஒரு துளியும் வாயில் வைக்கக் கூடாது. எச்சில் பட்டதை அவர்கள் தொடமாட்டார்கள். அம்மாவும் இப்படித்தான் சமைப்பாள். கொதி வரும்போது பாத்திரத்தின் மேல் குனிந்து, உப்பு பத்தல என்று ஒரு சிட்டிகை போடுவாள். மூக்காலேயே உப்புப் பார்ப்பவள்.

அம்மாவுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு. அவள் சமையலே கொஞ்சம் முரடு. காரம் கண்ணில் நீர் வரவழைக்கும். புளி பல்லைக் கூசவைக்கும். எந்த வேளைச் சோற்றுக்கும் அப்பளமோ வடகமோ வற்றலோ நொறுங்க வேண்டும், இல்லாவிட்டால் இலை நிறையாது. சின்ன வயதில் நானும் தம்பியும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடுவோம். மற்ற வீடுகளில் சாம்பார் இனிப்பாகக்கூட இருக்கும் என்று முறையிடுவோம். அங்கேயே போய் சாப்பிடுங்க என்பாள். பிடிவாதக்காரி. சோப்பு விஷயத்திலும் அப்படியே. ஊரே ரோஜா, சந்தனம் என்று மாறிய பிறகும் அந்தச் செங்கல் நிறச் சோப்பை அவள் விடவில்லை. நான் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நல்ல சோப்பைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசனை அடிக்குதும்மா என்று கிண்டல் செய்வேன். அடிக்கட்டும் என்பாள்.

இப்போது வாயில் வைக்கவும் கூடாது, மூக்கும் இல்லை. உப்பை எப்படிப் போடுவது? யாரிடமாவது கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். கடைசியில் ஆபீஸ் புத்திதான் கைகொடுத்தது. எங்கள் கம்பெனியில் எல்லாமே எடைக் கணக்கு. நூறு கிராம் குழம்புக்கு ஒரு கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டேன். எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன். காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்து, தண்ணீர், புளி, கத்தரிக்காய், வெங்காயம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்து, கணக்குப் போட்டு, உப்பை ஒரு கல் பிசகாமல் அளந்து போட்டேன். மிளகாய்த் தூளை அம்மா போடும் கரண்டியால் போட்டேன், இன்றைக்கு ஒருநாள் டாக்டர் மன்னிக்கட்டும் என்று. அப்பளம் பொரித்தேன். மாடிப்படியில் யாரோ ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. கருவாட்டு வாசம் கட்டடம் முழுக்கப் பரவியிருக்கும் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தம்பி மட்டும் வந்திருந்தான், அவன் மனைவிக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. போட்டோவுக்கு முன் இலை போட்டுப் பரிமாறி, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். அம்மா வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கணக்கை மனதில் மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கு போனாலும் உப்பு என் நாக்குக்கு நன்றாகத் தெரியும். கருவாட்டை மீன் என்று நினைத்து நிறுத்திருக்கிறேன். அது பாதி உப்பு. வெந்நீரில் ஊறப்போட்டு உப்பை இறக்காமல், சும்மா அலசிப் போட்டுவிட்டேன். பண்டங்களைப் பற்றி ஊருக்கெல்லாம் துணுக்கு எழுதுகிறவளுக்குக் கருவாட்டில் உப்பிருக்கும் என்பது தெரியவில்லை.

தம்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். "அம்மாவ உள்ளளவும் நெனைக்கணும்னு இவ்ளோ உப்பாக்கா?" என்றான். சிரிப்பதற்கு எனக்கு முகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சாப்பிட வருபவளுக்கு இதையா வைத்தோம் என்று இருந்தது. தம்பி மோரை ஊற்றிக்கொண்டு ஒப்பேற்றினான்.

அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் நான் கவனிக்கவில்லை. சோறு கேட்டார். போட்டேன். குழம்பு கேட்டார். வேணாம்ப்பா, உப்பு ரொம்ப, பிரஷர் என்றேன். இலையை என் பக்கம் நகர்த்தினார். ஊற்றினேன். அப்பளத்தைப் போட்டு நொறுக்கிக்கொண்டார். நெற்றியில் வியர்த்திருந்தது. மூன்றாம் முறை சோறு கேட்டபோது தம்பியும் நிமிர்ந்து பார்த்தான். மாதக்கணக்காகப் பாதி இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த மனுஷன் இலையை வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னிக்கித்தான் சோறு துன்ன மாதிரி இருக்குது" என்றார்.

தம்பி மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். போய்ப் படுங்கப்பா என்றேன். போகவில்லை.

"பாப்பா, எனக்கு வாசன வராது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சி."

தண்ணீரை நிறுத்தினேன். அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். சுரங்கத்துக்குள் வெடிப் புகையும் கல் தூசியும் வருஷக்கணக்கில் ஏறி ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு செத்துப்போனதாம். கீழே எங்கேயாவது புகைந்தால் முதலில் எச்சரிப்பது மூக்குதான். அது இல்லாதவனைக் கீழே அனுப்பமாட்டார்கள், மேலே ஏதாவது வேலையில் போட்டுக் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். சுரங்கம் மூடிய பிறகு மறைக்கக் காரணமே இல்லை, ஆனால் மறைத்து மறைத்துப் பழகிவிட்டது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட சுரைக்காயைக் குழைத்துப் போட்டேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று இருந்தது. அம்மா மேலும் கோபம். கண்ணீர் வரவழைத்த அந்தக் காரம், பல் கூசிய புளி, ஒருநாளும் தவறாத அப்பளம். காரம் வலி, அது மூக்கில்லாதவனுக்கும் எரியும். புளிப்பு நாக்குக்குத் தெரியும். நொறுங்குவது காதுக்குக் கேட்கும். மூக்கில்லாத ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்க என்னவெல்லாம் வேண்டுமோ அதை மட்டும் அவள் முப்பது வருஷத்துக்கு மேல் சமைத்திருக்கிறாள். நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு திட்டியிருக்கிறோம். பாக்கெட் முதுகில் இதையே துண்டு துண்டாக எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான்.

கையைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கும் வராதுப்பா. அம்மா போன வாரத்துலேந்து."

அவர் கதவை விட்டு நிமிர்ந்து நின்றார். அப்போ அன்னிக்கிப் பால் தீஞ்சது ரெண்டு பேருக்குமே தெரியலயா என்று கேட்டார். இல்லப்பா என்றேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன், சிரிப்புத்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லி ருசி பார்க்கும் அறையிலிருந்து விலகிக்கொண்டேன். இப்போது எழுத்து மட்டும்தான். டாக்டரிடமும் பேசி, எவ்வளவு காரம், எவ்வளவு புளி என்று பேரம் பேசி வாங்கினேன். அப்பாவின் பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இதெல்லாம் இல்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் அவருக்கு மூக்கு நன்றாக இருந்ததாம். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா மேல் அந்தச் சிவப்பு சோப்பு வாசம் அடிக்குமாம். மூக்கு போகத் தொடங்கியபோது அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம், வேறு சோப்புக்கு மாறாதே என்று. தனக்குத் தெரியாவிட்டாலும் அது அவள் மேல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று. மாதாமாதம் கடையில் அதை வாங்கி வந்தது அவர்தான்.

வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கடசி வரைக்கும் இருந்துச்சா பாப்பா, அவ மேல அந்த வாசன?"

பையில் சோப்பைச் சுற்றி வைத்த அந்த ராத்திரி முழுக்க அது என் விரலில் இருந்தது.

"இருந்துச்சுப்பா" என்றேன். "அதே வாசனதான்."